கருவியும் கண்ணும்

அமைச்சின் இலக்கணம் கூறப் புகுந்த வள்ளுவர் கருவியை முதலில் வைத்தார். காலத்தை அதன் அருகிலேயே வைத்தார். ஒளிப்படக் கலைக்கும் இவ்வரிசை பொருந்தும். ஏற்ற கருவி ஏற்ற காலத்தில் கையில் இருக்க வேண்டும். ஆனால் நம் இளைஞர் பலர் ‘ஏற்ற கருவி’ என்பதற்கு ‘விலை உயர்ந்த கருவி’ என்றே பொருள் கொள்கின்றனர். அப்பொருள் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

நம் புதுவையோடு தொடர்புடைய சான்று ஒன்றைக் காண்போம். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் என்னும் பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் இந்நகருக்கு வந்தார். அந்நாளில் இங்குப் பிரெஞ்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பல்லாண்டுகளாகத் தனித்து வாழ்ந்துவந்த அரவிந்தரைப் படமெடுக்க அவருக்கு இசைவு கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார். ஆகவே அப்படங்கள் அவருடைய இறுதிக்காலத் தோற்றத்துக்குச் சான்றாக நிலைத்துவிட்டன.

அக்கலைஞர் நாள்தோறும் சுமந்தது மிகுதி அன்று. சிறிய லைக்கா கேமரா ஒன்று. பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்சு. 35 மில்லிமீட்டர் படச்சுருள். கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கருப்பு நாடாவால் மறைத்துக்கொள்வார். ஃபிளாஷ் விளக்கை அவர் விரும்புவதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சிறிய கருவி எதிரில் இருப்பவரை மிரட்டாது. மினுக்கம் இல்லாத கருவி பிறர் கவனத்தை ஈர்க்காது. ஃபிளாஷ் இல்லையேல் இடத்தின் ஒளி இருந்தபடியே படத்தில் பதியும். ஒரே லென்சில் பழகியவர்க்கு, எங்கு நின்றால் எவ்வளவு காட்சி அடங்கும் என்பது கேமராவைக் கண்ணருகே உயர்த்துவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இதற்கு மாறான சான்றும் நம்மவரிடம் உண்டு. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்டவர். பத்மஸ்ரீ விருது பெற்றவர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தமக்கென ஒரு கனத்த கேமராவை அவர் அமைத்துக்கொண்டார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயருமிட்டார். கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். தொலைவில் நிற்கும் யானையைப் படமெடுக்க நீண்ட லென்சு தேவை. சட்டைப்பைக் கேமரா அங்கு உதவாது.

ஒருவர் கருவி இலகு. மற்றவர் கருவி கனம். ஆயினும் நெறி ஒன்றே. இருவரும் தாம் காண விரும்பிய பொருளை முதலில் அறிந்தனர். அதற்கேற்பக் கருவியைத் தேர்ந்தனர். கடைக்காரர் காட்டிய பட்டியலைப் பார்த்துத் தம் பொருளைத் தேடவில்லை.

திருமணப் படமெடுப்பவர் இரண்டு கேமராவும் ஃபிளாஷும் கொண்டு வருகிறாரே என்று சிலர் வினவலாம். அது தொழிலின் தேவை. ஒரு கேமரா பழுதாயிற்று என்பதற்காக நிக்காஹ் மறுமுறை நடவாது. ஆனால் கற்கும் மாணவர் தந்தையைக் கடனாளியாக்கி லென்சுகளை அடுக்குவது தேவையன்று. கையிலுள்ள செல்பேசியே தொடக்கத்துக்குப் போதும். விரலால் திரையைப் பெரிதாக்குவதை விட்டு, நான்கடி முன்னே நடந்து எடுத்தால் படம் தெளிவாக அமையும். ஏபிஎஸ்-சி அளவுள்ள சென்சார் கொண்ட டிஜிட்டல் கேமரா வைத்திருப்போர் 35 மில்லிமீட்டர் லென்சு ஒன்றைப் பொருத்தினால், படச்சுருள் காலத்து 50 மில்லிமீட்டர் லென்சின் பார்வை ஏறத்தாழக் கிட்டும். கூடுதலாக ஒரு பேட்டரி, ஒரு மெமரி கார்டு, லென்சைத் துடைக்க மெல்லிய துணி. இவ்வளவே அன்றாடப் பைக்குப் போதுமானவை.

இதனை வற்புறுத்தக் காரணம் உண்டு. உழவர்கரை என்னும் பெயரிலேயே உழவு இருக்கிறது. இன்று ரெட்டியார்பாளையத்திலிருந்து லாசுப்பேட்டை வரை சென்றால் கண்ணில் படுவன பெரும்பாலும் கட்டடங்களே. எஞ்சிய ஓட்டு வீடும் திண்ணையும் குளக்கரையும் நாளையும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நல்ல கேமரா வாங்கிய பின் எடுப்போம் என்று காத்திருந்தால், கருவி வரும்போது காட்சி இராது.

எடுத்தால் மட்டும் போதாது. எழுதியும் வைத்தல் வேண்டும். 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில்களையும் சிற்பங்களையும் பற்றி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் தொகுத்துள்ளது. எந்த ஊர், எந்தச் சிற்பம் என்னும் குறிப்பு உடன் இருந்தால்தான் இத்தகைய படங்கள் ஆய்வாளர்க்குப் பயன்படும். குறிப்பற்ற படம், பெயர் பொறிக்காத நடுகல் போன்றது.

எனவே தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்கள் எடுக்கட்டும். மனிதரை எடுக்குமுன் அவரிடம் இசைவு கேட்கட்டும். இடம், நாள், பொருளின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் எழுதித் துறையிடம் ஒப்படைக்கட்டும். பெரியோர்களும் தம் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய படங்களை எடுத்து, அவற்றில் இருப்போர் யாவர் என்று இளையோர்க்குச் சொல்லியருள வேண்டும். அப்பெயர்களை அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி தொடங்க வேண்டும்.