ஆயர் ராஜாவிலிருந்து சிராங்கூன் சாலைக்கு

தொழில்நுட்பம் என்றதும் கணினி நிறுவனங்களும், சிறு வணிகம் என்றதும் தேக்கா மளிகைக் கடைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டையும் சேர்த்து நாம் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் பேராசிரியராகப் பணியாற்றிய வோங் போ காம் இதற்கு நல்ல முன்மாதிரி. எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற அவர், தொழில்நுட்ப நிர்வாகத்தை ஆய்வுக் கட்டுரைகளோடு நிறுத்திவிடவில்லை. பல்கலைக்கழகத்தின் தொழில்முனைப்பு நிலையத்தைப் பல ஆண்டுகள் வழிநடத்தினார். புதிய நிறுவனங்களுக்குப் பணமும் ஆலோசனையும் தரும் முதலீட்டாளர்களை ஒன்றுசேர்க்க, பான்சியா என்ற அமைப்பு 2001இல் உருவானபோது முன்னின்றார்.

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், ஆயர் ராஜா கிரசென்டில் உள்ள புளோக் 71 இடிக்கப்படவிருந்த பழைய தொழிற்கூடம். 2011இல் நம் பல்கலைக்கழகமும் பங்காளிகளும் அதைத் தொடக்க நிறுவனங்களின் இடமாக்கின. குறைந்த வாடகை மட்டுமா அங்கே பயன்? சந்தேகம் வந்தால் கேட்க, பக்கத்து அறையிலேயே அனுபவசாலி இருந்தார்!

சிராங்கூன் சாலைக் கடைக்காரருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? உதவியே இல்லை என்று சொல்ல முடியாது. 1924இல் தோன்றிய இந்தியர் வர்த்தகத் தொழிற்சபை இருக்கிறது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான ஆலோசனை நிலையங்கள் இருக்கின்றன. மென்பொருள் வாங்கும் செலவில் ஒரு பகுதியை ஏற்கும் அரசாங்க மானியமும் 2018 முதல் உண்டு. ஆனால், மென்பொருள் வாங்குவது வேறு, தொழில்நுட்பத்தை நிர்வகிப்பது வேறு. வாழையிலையும் மல்லிகைப்பூவும் மாலைக்குள் விற்காவிட்டால் நட்டம். எந்தக் கிழமை எவ்வளவு விற்கிறது, தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்பு கொள்முதல் செய்வது, கடன் நோட்டில் யார் நிலுவை நிற்கிறது? இவற்றை முதலில் கேட்காமல் இயந்திரத்தை வைத்தால், அது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தூசி படிந்து கிடக்கும்.

முப்பது ஆண்டுகள் கடை நடத்தியவருக்கு மாணவர்கள் என்ன சொல்லித்தர முடியும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1970களில் சிறிய கடையாகத் தொடங்கிய முஸ்தபா, 2003இல் 24 மணி நேர வணிகத்தில் இறங்கியது. புதுமை செய்ய நம் வணிகர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கணக்கைப் பிரித்துப் பார்க்க நேரமும் ஆளும்தான் இல்லை. அந்த நேரம் நம்மிடம் இருக்கிறது.

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு விடுமுறையிலும் வணிகம், கணினி, பொறியியல் மாணவர் மூவர் ஒரு கடைக்குச் செல்லட்டும். நான்கு வாரம், ஒரே ஒரு சிக்கல். பேச்சு முழுவதும் தமிழில். முதல் வாரம் கேட்க மட்டுமே வேண்டும். முன்னாள் மாணவர்கள் மேற்பார்வையிடலாம்.

இதனால் நமக்கும் ஆதாயம் உண்டு. பட்டிமன்றத்திலும் நாடகத்திலும் நாம் தமிழ் வளர்க்கிறோம், மகிழ்ச்சி. ஆனால் இலாபம், இருப்பு, கொள்முதல், நிலுவை என்று கணக்குப் பேசும் தமிழ் நம் தலைமுறையோடு நின்றுவிடக் கூடாது. மேடையில் மட்டும் வாழும் மொழிக்கு ஆயுள் குறைவு. கடையிலும் வாழ வைப்போம்.