பூட்டிய பங்களாவும் மலைச்சரிவுக் குடிசையும்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி, பக்கத்துத் தெருக்களில் கொஞ்சம் நடந்து பாருங்கள். உயர்ந்த மதில், இரும்புக் கதவு, கதவில் பூட்டு. உள்ளே மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் நின்றால் மலை முழுவதும் தெரியும். பார்க்கத்தான் ஆள் இல்லை. மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்காரர் வருவார். நடுவில் ஏதோ ஒரு பௌர்ணமிக்கு வந்து இரண்டு நாள் தங்குவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுக்குக் காவல்காரர்தான் துணை.

பணக்காரர்கள் கோடைக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பங்களா வைத்திருந்தது நாம் அறிந்ததே. இப்போது சாந்திக்கென்று அண்ணாமலை அடிவாரத்திலும் ஒன்று!

இந்த வீடுகள் எழும்புமுன் அங்கே என்ன இருந்தது? ரமண நகர், அத்தியந்தல், அடி அண்ணாமலைப் பக்கத்து முதிய கூலிப் பெண்களைக் கேளுங்கள். நெல் நட்ட வயலையும் மல்லாட்டை பிடுங்கிய கொல்லையையும் விரல் நீட்டிக் காட்டுவார்கள். நிலம் அவர்களுடையதல்ல என்பது வாஸ்தவம். ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் அந்த நிலம் அவர்களைக் கூப்பிட்டது. மனைக்கல் நட்ட அன்று நிலத்தை விற்றவருக்குப் பணம் வந்தது, தரகருக்குக் கமிஷன் வந்தது, சர்க்காருக்குப் பத்திரக் கட்டணம் வந்தது. பரம்பரையாக அந்த மண்ணில் உழைத்த கூலியாளுக்கு ஒரு காசு உண்டா? அவர் பெயர்தான் எந்தப் பத்திரத்திலும் இல்லையே!

வீடு கட்டுவதில் வேலை கிடைக்கவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். கிடைத்தது, நாம் மறுக்கவில்லை. சித்தாள் வேலை, கொத்து வேலை, பெயிண்ட் வேலை எல்லாம் கிடைத்தன. கட்டி முடிந்ததும் வேலையும் முடிந்தது. வயல் வருஷா வருஷம் பலரைக் கூப்பிடும். பூட்டிய வீடு ஒரு காவல்காரரையும், பெருக்கித் துடைக்க ஒரு பெண்ணையும் கூப்பிடுகிறது. மற்றவர்கள்? செங்கம், தண்டராம்பட்டு கிராமங்களிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறுகிற கட்டடத் தொழிலாளிகளைக் கேட்டால் தெரியும். அங்கேயும் அவர்கள் கட்டுவது பிறருடைய வீட்டைத்தான்.

பக்தியோடு நமக்குத் தகராறு இல்லை. தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற லட்சோபலட்சம் ஜனங்களில் ஆலைத் தொழிலாளியும் உண்டு, விவசாயக் கூலியும் உண்டு. சாலையோரத்தில் துண்டை விரித்துப் படுத்து, விடிந்ததும் வேலைக்குத் திரும்புகிறவர்கள் அவர்கள். ரமணரே 1896இல் வெறுங்கையோடு வந்த வாலிபர். குகையில் பல ஆண்டுகள் இருந்தார். தாயார் மறைந்த 1922ஆம் ஆண்டில்தான் அடிவாரத்துக்கு இறங்கினார். 1950இல் காலமாகும்வரை இடுப்பில் கோவணம்தான். இன்று அவர் பெயரைச் சொல்லிச் சதுர அடிக்கு விலை கூறுகிறார்கள்!

பழைய காலத்தில் ஊருக்கு வந்தவர் சத்திரத்திலும் மடத்திலும் தங்கினார். அங்கே சாதி பார்த்தார்கள். அந்த அநியாயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருவர் எழுந்துபோன இடத்தில் அடுத்தவர் படுத்தார். பங்களாவோ சொந்தக்காரர் இல்லாதபோதும் பிறருக்குத் திறக்காது. ஓய்வே தனிச் சொத்தாகிவிட்டது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இந்த வழக்கத்தின் பூர்வீகம் வெள்ளையர் ஆட்சியில் இருக்கிறது. கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்குப் போனார். தோடர்களின் நிலத்தை அற்ப விலைக்கு வாங்கிக் கல் பங்களா கட்டினார். பிறகு சென்னை ராஜதானி சர்க்காரே கோடை மாதங்களில் ஊட்டிக்கு மூட்டை கட்டியது. பின்னாலேயே மகாராஜாக்களும் மாளிகை கட்டினார்கள். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். அதிலிருந்து தப்பிக்கிற உரிமை மட்டும் சிலருக்கு!

ஆகவே ரமணாசிரமப் பகுதியில் வெளிநாட்டாரைக் கண்டு முறைப்பதில் பிரயோஜனம் இல்லை. சுற்றுலா விசாவில் வரும் அந்நியர் இங்கே வீடு வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. அவர்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள். வாங்கிப் பூட்டுகிறவர் நம் நாட்டு நகரங்களின் பணம் படைத்தவர்; அல்லது கடல் கடந்து சம்பாதிக்கும் நம்மவர். இது நிறத்தின் பிரச்னை அல்ல, வர்க்கத்தின் பிரச்னை.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று சொல்ல 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. அதற்குமுன் கூலி கேட்டு வாய் திறந்தால் குடிசையைப் பிடுங்குவேன் என்பதே மிராசுதாரின் மிரட்டல். அந்தச் சட்டத்துக்குப் பிறகும் மனை கிடைக்காதவர் எங்கே போனார்? ஏரிக்கரைக்கும் புறம்போக்குக்கும் மலைச்சரிவுக்கும் போனார். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அதே மலையின் இன்னொரு பக்கத்தில், சமதரையில், எத்தனை வீடுகள் அன்றிரவு ஆளில்லாமல் பத்திரமாக நின்றன!

சரிவில் ஏன் வீடு கட்டினாய் என்று ஏழையை அதட்டுவது சுலபம். சமதரையை யார் எடுத்துக்கொண்டார் என்று கேட்க ஆளில்லை.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 2 கோடியே 46 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. வாடகைக்குக் காத்திருந்தவையும் அதில் உண்டு என்பது உண்மையே. மறு ஆண்டே மத்திய சர்க்காரின் நிபுணர் குழு, நகரங்களில் மட்டும் சுமார் 1 கோடியே 88 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்றது. அதில் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக் குடும்பங்களின் பற்றாக்குறை. வெள்ளைக்காரன் போட்ட 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமோ, வீடு காலியாகக் கிடந்தால் சொத்து வரியில் தள்ளுபடி கேட்க வழி வைத்தது. பூட்டி வைத்ததற்குச் சன்மானம்!

இதைக் கட்டுப்படுத்த முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். முதலாளித்துவ நாடான ஸ்விட்சர்லாந்திலேயே 2012இல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு, எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தீர்மானித்தார்கள். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, கிரிமியாவில் ஜார் மன்னன் கோடைக்குத் தங்கிய லிவாடியா மாளிகையை 1925இல் விவசாயிகளின் ஆரோக்கிய நிலையமாகத் திறந்தார்கள். பின்னாளில் அந்நாட்டு அதிகாரிகளும் தங்களுக்குத் தனிக் கோடை வீடு தேடிக்கொண்டார்கள் என்பதையும் மறக்கலாகாது. உழைப்பவன் கண் வைத்திருக்க வேண்டிய இடம் அது.

ஆலைத் தொழிலாளிக்கும் ஓய்வு வேண்டாமா? 240 நாள் உழைத்தால் இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதிற்று. லீவு இருந்தும் மனைவி மக்களோடு போய்த் தங்க இடம் எங்கே?

பூட்டிய இரண்டாம் வீட்டுக்குக் கூடுதல் வரி போட வேண்டும். அந்த வரிப் பணத்தில் தொழிலாளர் குடும்பங்கள் தங்க, சாதி பாராத பொது விடுதி கட்ட வேண்டும். விளைநிலத்தை மனையாக்க அனுமதி கொடுக்குமுன் அதில் கூலிவேலை செய்தவர்களுக்கு வீட்டுமனை ஒதுக்க வேண்டும். முதல் பட்டா மலைச்சரிவில் இன்னும் குடியிருக்கும் குடும்பங்களுக்கு வரட்டும். ஊரைவிட்டு எங்கோ தள்ளி அல்ல, வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், சமதரையில்.