பதினான்கு வயதில் குத்தும் முத்திரை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் கோடை விடுமுறைதோறும் கூடும் கிரிக்கெட் பயிற்சி முகாம்களின் விண்ணப்பப் படிவத்தில், பிறந்த தேதிக்குக் கீழே, பிள்ளை பேட்ஸ்மேனா, வேகப்பந்து வீச்சாளனா, ஸ்பின்னரா, விக்கெட் கீப்பரா என்று கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் சற்றும் தயங்காமல் டிக் அடிக்கும் தகப்பனார், அந்தப் பேனாக் கீற்று மகனுடைய அடுத்த நான்கைந்து வருஷங்களை நிர்ணயித்துவிடக்கூடும் என்பதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. பௌலர் என்று பதிவானவனுக்கு வலைப்பயிற்சியில் பேட்டிங் கடைசியாகத்தான் வரும். வெளிச்சம் மங்கிய பிறகு கிடைக்கும் பத்துப் பந்துகளில் அவன் தடுமாறினால், "நீ பௌலர்தானேப்பா, விடு" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இந்திய சுழற்பந்து வீச்சாளர் வருண் சக்கரவர்த்தியின் வரலாற்றை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும். பதினேழு வயது வரை விக்கெட் கீப்பராக இருந்து, ஆட்டத்தையே துறந்து கட்டடக் கலை பயின்று, மீண்டும் வந்து வேகப்பந்து வீசி, முழங்காலில் காயம்பட்ட பிறகே சுழற்பந்துக்கு மாறியவர் அவர். 2018 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில், ‘மர்ம ஸ்பின்னர்’ என்ற விசேஷப் பட்டத்தின் மோகத்தில், இருபது லட்சம் அடிப்படை விலையிலிருந்து 8.4 கோடிக்குப் பஞ்சாப் அணி அவரை வாங்கிற்று. கொல்கத்தாவில் வீசிய முதல் ஓவரிலேயே 25 ரன் போயிற்று. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது அந்த ஒரே ஆட்டம். பின்னர் அவரைக் கொல்கத்தா அணி பாதிக்கும் குறைந்த விலையில், நான்கு கோடிக்கு, எடுத்துக்கொண்டது. 2021 டி20 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட்டும் எடுக்காமல் திரும்பியவர், 2025 மார்ச்சில் துபாயில் நியூஸிலாந்தின் ஐந்து விக்கெட்டுகளை 42 ரன்னுக்கு வீழ்த்தினார். விலையோ பட்டமோ சொன்னது வாங்கியவர்களின் ஆசையைத்தான். ஆட்டக்காரரின் யோக்கியதையை அன்று.

வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனை 2017-ல் மூன்று கோடிக்கும், மறு வருஷமே நாற்பது லட்சத்துக்கும் எடுத்த அதே ஏலச் சந்தை, 2020-ல் அவர் ஆஸ்திரேலியாவுக்கு வெறும் நெட் பௌலராகப் புறப்பட்டு, ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமாவார் என்று ஊகித்ததா? வேறு ஆட்டங்களிலும் இதே கதைதான்: அமெரிக்கக் கால்பந்தில், கல்லூரியை முடித்த டாம் பிராடியை 2000-ஆம் ஆண்டு வீரர் தேர்வில் 198 பேருக்குப் பிறகுதான் அழைத்தார்கள். பின்னாளில் ஏழு சூப்பர் பௌல் வென்ற குவார்ட்டர்பேக் அவர்.

நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே காலைப் பொழுதில் பார்த்தாக வேண்டிய தேர்வாளருக்கு ஏதோ ஒரு வகைப்பாடு இன்றியமையாதது என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வகைப்பாடு பயிற்சியின் பங்கீட்டையே ஆளத் தொடங்குவதுதான் அநியாயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேறொரு பயிற்சியாளரிடம் போய் முத்திரையை மாற்றிக்கொள்வான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒருவரின் மகனுக்கு அந்தச் சந்தர்ப்பம் இல்லை.

ஆகவே பயிற்சியாளர்களிடம் என் வேண்டுகோள் இது: பதினாறு வயது வரையில் அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்புங்கள், ஒவ்வொரு ஜூன் மாதமும் அழித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பேட்டையும் பந்தையும் கொடுத்துப் புதிதாகப் பாருங்கள்.