நிழற்செடியும் அதன் உறக்கமும்

நிழல் விழும் இடத்தில் எதை நடுவது என்னும் கேள்வி, காலாப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் நம் அன்பர்களுக்குப் புதியதன்று. ஆயினும், வீடு கட்டி முடித்த கையோடு வரும் உரிமையாளர், கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, பெருமரத்தடியில் கொத்துக் கொத்தாய் விரிந்து, நீலம் பாய்ந்த பச்சையும் வெண்மையும் கலந்த அகன்ற இலைகளால் தரையே தெரியாமல் மூடிக் கிடக்கும் அந்தச் செடிதான் தமக்கு வேண்டுமென்று வற்புறுத்தும் வழக்கம் சமீப காலத்தில் பெருகியிருப்பதால், அதைக் குறித்து நம் அபிப்பிராயத்தை இவ்விதழில் தெளிவாகச் சொல்லிவிடுவது கடமையென்று கருதுகிறோம். படத்திலுள்ள செடி ஹோஸ்டா. அது காலாப்பட்டில் நிலைக்காது.

நிலைக்காது என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. கேட்டவரோ மனம் ஒப்பாமல் அடுத்த நாற்றுப்பண்ணையைத் தேடிப் போவார், அங்கே யாரேனும் ஒருவர் அவர் கேட்டதைத் தருவித்துக் கொடுத்தும் விடுவார். ஆகையால், ஏன் நிலைக்காது என்பதை நாம் காரணத்தோடு அறிந்து வைத்திருப்பதும், அதைக் கேட்பவர் மனம் கொள்ளும்படி எடுத்துரைப்பதும் அவசியம்; அன்றியும், இந்த மண்ணில் எது நிலைக்கும் என்பதற்கான விடை அந்தக் காரணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளின் மலைச்சாரல்களிலும் ஓடைக்கரைகளிலும் இயல்பாய் வாழும் ஹோஸ்டா, இலையுதிர் காலத்துக் குளிர் வந்து தொட்டதும் இலைகள் முழுவதையும் இழந்து, பனிக்காலம் முழுவதும் மண்ணுக்கடியில் வெறும் கட்டையாய் உறங்கிக் கிடந்து, வசந்தத்தில் இறுகச் சுருண்ட கூர்க்குருத்துகளாய் மண்ணைப் பிளந்துகொண்டு எழும் ஸ்வபாவமுடையது. இந்த உறக்கம் அதற்கு ஓர் ஓய்வு மாத்திரமன்று. வெப்பநிலை சுமார் 5 டிகிரி அளவிலோ அதற்கும் கீழேயோ சில வாரங்கள் தொடர்ந்து நின்றாலொழிய, கட்டையிலுள்ள மொட்டுகள் முறையாக விழிப்பதில்லை. காலாப்பட்டிலோ, மார்கழிப் பின்னிரவின் குளிர்கூட 20 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகிறது. தருவித்த கட்டை, தன்னுள் சேர்ந்திருந்த சத்தைக் கொண்டு முதலாண்டில் அழகாகவே தழைக்கும். அதைக் கண்டு மகிழ்ந்தவர், மறு ஆண்டில் இலைகள் கைக்குட்டை அளவிலிருந்து வெற்றிலை அளவுக்குச் சிறுத்ததையும், அதற்கடுத்த ஆண்டில் குருத்தே வராமற் போனதையும் பார்த்து, நிழலும் நீரும் உரமும் குறைவின்றிக் கொடுத்திருக்க ஏன் இப்படி ஆயிற்றென்று நம்மிடம் வந்து கேட்பார். கிடைக்க வேண்டியது உறக்கம். அது ஒன்றே கிடைக்கவில்லை.

கட்டையைப் பெயர்த்தெடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் சில வாரங்கள் வைத்துப் பின் நடுகிற உபாயம் ஒன்றும் வழக்கில் இருக்கிறது. ஆர்வலர் ஒருவர் தம் வீட்டுத் தொட்டியில் அதைச் செய்து பார்ப்பதை நாம் தடுக்கப் போவதில்லை. ஆனால், கூலி பெற்றுத் தோட்டம் அமைத்து ஒப்படைப்பவர் கைக்கொள்ளத் தக்க முறை அதுவன்று. விதைப் பொட்டலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: வரிவண்ண இலையுடைய பெயர்பெற்ற ஹோஸ்டா வகைகள் விதையிலிருந்து தாயை ஒத்து வருவதில்லை, அவை கட்டையைப் பிரித்தும் திசு வளர்ப்பின் மூலமுமே பெருக்கப்படுகின்றன. ஆகவே, பல நிறப் படம் அச்சிட்ட விதைப் பொட்டலத்தை வாங்குபவர், நம் ஊரின் வெப்பத்தை வென்றாலும்கூடப் படத்திலுள்ள செடியைக் காண இயலாது. இதை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்வது விற்பவரின் தர்மம்.

இனி நமக்குப் பிரயோஜனமான பகுதிக்கு வருவோம். ஹோஸ்டாவை முதன்முதலாகப் பார்த்து, வரைந்து, விவரித்த ஐரோப்பியர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராக 1690 முதல் 1692 வரை நாகசாகியில் இருந்த எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் என்னும் ஜெர்மானியர். அவருடைய குறிப்பு 1712-ஆம் ஆண்டில் அச்சேறியது. இன்றைய பெயர், ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1812-இல், ஹோஸ்ட் என்ற ஆஸ்திரிய வைத்தியரைச் சிறப்பிக்கும் பொருட்டு இடப்பட்டது. கெம்ப்ஃபரின் பெயரையோ, லின்னேயஸ் அதற்கு வெகு முன்னமேயே, 1753-இல், இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு சிறு செடிக்குச் சூட்டிவிட்டார். கெம்ப்ஃபேரியா என்று சாஸ்திர நூல்கள் கூறும் அந்தப் பேரினத்தில் அன்று பெயர்பெற்ற செடிகளுள் ஒன்று, நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த வில்லைகளாய் விற்கும் நம் கச்சோலமே. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வெப்ப மிகுதியால் ஹோஸ்டா தேறாத தோட்டங்களில், இந்தப் பேரினத்துச் செடிகளைத் தெற்கத்தி ஹோஸ்டா என்றே அழைத்து மரத்தடிகளில் நடுகிறார்கள் என்பதை அறியும்போது, கடல் கடந்து கட்டை தருவிக்க நினைக்கும் நமக்கு அருகிலேயே விடை காத்திருப்பது விளங்கும்.

கச்சோலத்தை மருந்துப் பயிராக மட்டுமே கண்டவர்கள், அதைத் தோட்டக் கண்ணோடு ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். ஒரு கிழங்கிலிருந்து இரண்டோ மூன்றோ இலைகள் மாத்திரமே எழுகின்றன. எழுகின்றன என்பதுகூடச் சரியன்று, வட்டத்தை ஒட்டிய அவ்விலைகள் தண்டின்றித் தரையோடு தரையாய்ப் படிந்து, ஒன்றன் விளிம்பை மற்றொன்று தொட்டுக்கொண்டு, மண்ணை முழுவதும் மறைத்துவிடுகின்றன. இலைகளின் நடுவிலிருந்து, நாளுக்கு ஒன்றிரண்டாய், ஊதாத் தீற்றுள்ள வெண்மலர்கள் விடியலில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் வதங்கும். கிழங்கைக் கிள்ளினால் கற்பூரமும் இஞ்சியும் கலந்தாற்போன்ற வாசனை. இலையில் வண்ணம் வேண்டுவோருக்கு, வெள்ளிப் பச்சையும் செம்புக் கருமையும் பட்டை பட்டையாய் அமைந்த மயில் இஞ்சி இதே பேரினத்தில் இருக்கிறது.

இவையும் உறங்குகின்றன என்பதுதான் நாம் வற்புறுத்த விரும்பும் செய்தி. ஆனால், இவற்றின் நித்திரை குளிரால் நேர்வதன்று, வறட்சியால் நேர்வது. கோடை மழை மண்ணை நனைத்ததும் விழித்து, ஆடி ஆவணியில் செழித்து, மார்கழியில் இலை பழுத்து, தை பிறந்தபின் இருந்த இடமே தெரியாமல் அடங்கிவிடும். கேரளத்தில் கச்சோலம் பயிரிடும் உழவர்களுக்கு இந்தக் கிரமம் வெகு சௌகரியம். அவர்களுடைய பெருமழை ஆனி ஆடியில், செடி வளரும் காலத்திலேயே பெய்து தீர்கிறது. நம் கரையிலோ வடகிழக்குப் பருவமழை, செடி கண்ணயரத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வந்து கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உறங்கப் போகும் கிழங்கு நீரில் கிடந்தால் அழுகும். நம் பகுதியில் இச்செடிகளை முயன்று கைவிட்டவர்கள் பெரும்பாலும் நிழற்குறைவால் தோற்றவர்களல்லர், இந்த அழுகலால் தோற்றவர்களே.

ஆகவே, பாத்தியைத் தரைமட்டத்திலிருந்து முக்கால் அடியேனும் உயர்த்திக் கட்டுதல் வேண்டும். கடலோரத்து மணலில் நீர் நிற்பதில்லையெனினும் சத்தும் நிற்பதில்லை, அங்கே இலைமட்கைத் தாராளமாய்ச் சேர்க்க வேண்டும். மேற்கே போகப் போக வரும் செம்மண்ணோ மழைக்குப்பின் இறுகிவிடும், அங்கே ஆற்றுமணலும் மட்கும் கலந்து இளக்க வேண்டும். தென்னைநார்க் கழிவைப் பலமுறை கழுவி உப்பு நீக்காமல் பயன்படுத்தலாகாது. கழுவியதையும் இச்செடிகளின் தொட்டிகளில் குறைவாகவே சேர்ப்பது நலம், ஏனெனில் அது நீரை நெடுநாள் பிடித்து வைப்பது உறங்கும் கிழங்குக்குப் பகை. இலை பழுத்த பின்பு நீர் ஊற்றுவதை அறவே நிறுத்திவிட வேண்டும். தோட்டக்காரர் இரக்கப்பட்டு ஊற்றும் நீரே பல கிழங்குகளை மாய்த்துவிடுகிறது என்பதை நாம் கூசாமல் சொல்லியாக வேண்டும். ஐயமிருந்தால், தை மாதத்தில் கிழங்குகளைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்து, சித்திரை முடிவில் மீண்டும் நட்டுக்கொள்ளலாம். தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம்மோடு ஒன்றிவிட்ட கலேடியத்துக்கும் இதே சிகிச்சைதான். நம் சேனையும் இந்தக் கிரமத்தையே அனுசரிக்கிறது.

பனி நாட்டில் ஹோஸ்டா மறைந்துபோகும் மாதங்களில் தோட்டம் முழுவதுமே பனிக்கடியில் கிடப்பதால் அங்கே யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. நம் வாடிக்கையாளரோ பன்னிரண்டு மாதமும் பசுமை கேட்பவர். எனவே, உறங்கும் செடியையும் உறங்காத செடியையும் கலந்து நடும் கலையை நாம் கற்றுத் தேர வேண்டும். இதற்கான குருகுலம் நம் ஊருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றிய காடாய் நிற்கிறது. சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒரு காலத்தில் பரவியிருந்து, இன்று பெரும்பாலும் கோயில்களின் புண்ணியத்தால் மட்டுமே துண்டு துண்டாய்த் தப்பிப் பிழைத்திருக்கும் உலர் பசுமைக் காடுகளுள் அது ஒன்று. காலாப்பட்டில் 1985-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதன் மரங்களையும் கொடிகளையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கத்திரி வெயில் கொளுத்தும் நாளிலும் இலையுதிராத, தடித்த சிற்றிலைகளையுடைய வீரையும் காயாவும் அவற்றின் மேல் ஏறிப் பின்னிய கொடிகளும் அங்கே தரும் நிழல் உயரமானதன்று. ஆனால் அடர்ந்தது, ஆண்டு முழுவதும் மாறாதது. அத்தகைய நிழலில், சருகுப் படுகையினூடே, புள்ளியும் பட்டையுமாய் விறைத்து நிற்கும் நாட்டு மருளைக் கண்டவர்கள், தாவர சாஸ்திரிகள் இன்று ஹோஸ்டாவை வைத்திருக்கும் அதே குடும்பத்தில்தான் அதையும் வைத்திருக்கிறார்கள் என்றறிந்தால் வியப்படைவார்கள். தண்ணீர்விட்டான் கொடியும் அக்குடும்பமே. உப்புக்காற்றுக்கும் வறட்சிக்கும் அஞ்சாத மருளை முதுகெலும்பாய் வைத்து, அதன் காலடியில் கச்சோலத்தைப் பரப்பினால், ஒன்று உறங்கும்போது மற்றது காவல் நிற்கும். ஆனால் ஒன்று: கோயிற்காட்டிலிருந்து ஒரு கட்டையைக்கூடப் பெயர்த்தெடுத்து வரலாகாது. பார்த்துக் கற்பதற்கு மட்டுமே அங்கே செல்ல வேண்டும். பெருக்கிக்கொள்வதற்கு ஒரே ஓர் இலையை வெட்டி மணலில் ஊன்றினாலே முளைக்கும் செடியை நம் பண்ணைகளிலேயே ஆயிரக்கணக்கில் உண்டாக்கலாம்.

நிழல் தரும் மரத்தைப் பற்றியும் சிந்திக்க வேண்டியிருக்கிறது. விரைவில் வளர்கிறதென்று தூங்குமூஞ்சியையும் செம்மயிற்கொன்றையையும் நட்டு, அவற்றின் நிழலை நம்பிச் செடி பரப்பிய தோட்டங்கள், 2011 டிசம்பர் 30-ஆம் நாள் விடியலில் தானே புயல் வீசி ஓய்ந்தபோது, மரங்கள் சாய்ந்து, ஒரே இரவில் வெயில் தோட்டங்களாக மாறின. 1826-இல் தோன்றிய புதுச்சேரித் தாவரவியல் பூங்காவும் அன்று பல மரங்களை இழந்தது. மரம் விழுந்த மறுநாளே கோடை வந்துவிடவில்லையாதலால் பலர் ஆபத்தை உணரவில்லை. மாசி பங்குனியில் இலைகள் விளிம்பிலிருந்து கருகியபோதுதான் நிழல்வலை தேடி ஓடினார்கள். புங்கமும் பூவரசும் மெதுவாகவே குடை விரித்தாலும், அவற்றைக் கலந்து வைத்து, ஒரே மரத்தை நம்பி நிழல் தோட்டம் போடாதிருப்பது விவேகம். முந்திரித் தோப்புகளை வீட்டுமனையாக்கிய இடங்களில் அம்மரத்தடியில் எதையும் உடனே நட்டுவிட வேண்டாம். மக்குவதற்கு நாளாகும் அதன் சருகை வாரிக் குவித்து, ஒரு பருவமழை நனைந்து மட்கிய பின் அதையே பாத்திக்கு இடுவது நல்லது.

மேனாட்டில் ஹோஸ்டாவுக்கு நத்தை சத்துரு. நமக்கோ, 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவிய ஆப்பிரிக்கப் பெருநத்தை. மழைக்காலத்து மாலையில் நனைத்த சாக்கின் கீழ்ப் பப்பாளி இலைகளைப் போட்டு வைத்து, விடியுமுன் திரண்டிருப்பவற்றைக் கையுறை அணிந்து பொறுக்கி அழிப்பதே நம்பத்தக்க வழி; நோய்ப் புழுக்களைச் சுமக்கக்கூடியதாகையால் வெறுங்கையால் தொடலாகாது. உப்பைத் தூவுவது மண்ணைக் கெடுக்கும். நஞ்சு வில்லைகளை, நாயும் பறவையும் உலவும் வீட்டுத் தோட்டத்தில் நாம் சிபாரிசு செய்வதற்கில்லை.

கடைசியாக அன்பர்களிடம் ஒரு விண்ணப்பம். கச்சோலம், மயில் இஞ்சி, கலேடியம், சேனை ஆகிய ஒவ்வொன்றும் உங்கள் பண்ணையில் எந்தத் தேதியில் முதற்குருத்து விட்டது, எந்தத் தேதியில் இலை பழுத்தது, அந்நாட்களில் மழை எவ்வளவு பெய்தது, மேலே இருந்தது மரநிழலா வலைநிழலா என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, வரும் பங்குனிக்குள் எமக்கு அனுப்பி வையுங்கள். கடற்கரை மணலுக்கும் மேற்கத்திச் செம்மண்ணுக்கும் தனித்தனியே ஓர் உறக்க அட்டவணை தயாரித்து, சித்திரை இதழில், நடவு தொடங்குமுன் உங்கள் கையில் கிடைக்கும்படி வெளியிட எண்ணியிருக்கிறோம்.