பத்துமலை முதல் கிள்ளான் வரை: நம்மைப் பற்றிய ஆய்வு நூல்கள் நம் கைக்கு ஏன் வருவதில்லை?

2025 மார்ச் மாதத்தில் மட்டும் இரண்டு சர்ச்சைகள். மாதத் தொடக்கத்தில், ஒரு தனியார் மலாய் வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர்கள் காவடி ஆட்டத்தைக் கேலி செய்த காணொலி பரவியது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் நடவடிக்கை எடுத்தது, மன்னிப்பும் கேட்கப்பட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள், கோலாலம்பூர் ஜாலான் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூறாண்டைக் கடந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தை இடம் மாற்றும் விவகாரம் வெடித்தது. அருகிலேயே வேறோர் இடத்துக்கு மாற்றுவது என்று முடிவானது.

அந்த மாதம் உங்கள் புலனக் குழுக்கள் எப்படி இருந்தன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மற்ற இன நண்பர்கள் இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "எதற்காக இப்படி உடம்பில் குத்திக்கொள்கிறீர்கள்?" "உங்கள் பெயரில் இல்லாத நிலத்தில் ஏன் கோயில் கட்டினீர்கள்?" நம்மில் பலரிடம் கோபம் இருந்தது. பதில்தான் இல்லை.

ஆனால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பல நூறு பக்கங்களில் பதில் எழுதப்பட்டிருக்கிறது. பத்துமலை, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான், சிலாங்கூர் தோட்டங்கள் என நாம் புழங்கும் ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் கனமான ஆய்வு நூல்கள் வந்துள்ளன. அவை என்ன சொல்கின்றன, ஏன் நம்மிடம் வந்து சேரவில்லை, நீங்கள் எங்கே படிக்கலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பத்துமலை: காவடியைப் பற்றிய ஆய்வு

பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. அதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் கார்ல் வடிவேலா பெல் என்ற ஆஸ்திரேலியர். 1970களில் கோலாலம்பூரில் இருந்த ஆஸ்திரேலியத் தூதரகத்தில் வேலை பார்க்க வந்தவர், பிறகு இந்துவாகி, தானே காவடி எடுத்தவர். அவருடைய 'தைப்பூசம் இன் மலேசியா' நூலைச் சிங்கப்பூரின் ஐசியாஸ் ஆய்வுக் கழகம் 2017-இல் வெளியிட்டது.

காவடி என்பது படிக்காத ஏழைத் தொழிலாளர்களின் உணர்ச்சி வெடிப்பு என்று ஒரு பார்வை நெடுங்காலமாக உண்டு. வெளியார் மட்டுமல்ல, நம்மிடையே வசதியான சிலரும் அப்படித்தான் பேசினார்கள். பெல் அதை மறுக்கிறார். விரதம், நேர்த்திக்கடன், முருக வழிபாட்டின் தத்துவம் எல்லாம் சேர்ந்த, தெளிவான ஓர் ஒழுங்கு காவடிக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவர் வாதம். 1997-இல் வந்த எலிசபெத் காலின்ஸின் நூல் பினாங்குத் தைப்பூசத்தைச் சமூக அதிகாரத்தின் கோணத்திலிருந்து பார்க்கிறது. இரண்டையும் படித்தால் ஆய்வாளர்களே இதில் ஒத்துப்போகவில்லை என்பது தெரியும். ஆனால் இரண்டில் எதைப் படித்தவரும் காவடியைக் கேலிப்பொருளாகப் பார்க்க மாட்டார்.

கோயில் ஏன் அந்த நிலத்தில் இருக்கிறது?

இதற்குப் பதில் தேட நாம் தோட்டத்துக்குப் போகவேண்டும். ஒப்பந்தக்கூலி முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசின் தடையோடு நின்றது. இந்த வரலாற்றைப் புள்ளிவிவரத்தோடு முழுதாகத் தொகுத்தது, கெர்னியல் சிங் சந்து எழுதி 1969-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட 'இந்தியன்ஸ் இன் மலாயா'.

வந்தவர்கள் குடியிருந்த லயம் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். பள்ளிக்கூடம், ஆயாக்கொட்டகை, கோயில் எல்லாம் அதே நிலத்தில்தான். பட்டா யார் பெயரில் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் தொழிலாளிகளும் இல்லை. 1980களுக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, ஆவணம் உள்ளவர் பக்கம் நிலம் போனது. கோயில் 'அனுமதியில்லாக் கட்டடம்' ஆனது.

அமெரிக்க மானுடவியலாளர் ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014-இல் வெளியிட்ட 'தமில்ஸ் அண்ட் தி ஹாண்டிங் ஆஃப் ஜஸ்டிஸ்' இந்தக் கட்டத்தைத்தான் ஆராய்கிறது. வீட்டையும் வேலையையும் இழந்தவர்கள் கோயிலை மட்டும் ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள்? தங்கள் உழைப்பு அந்த மண்ணில் இருந்தது என்பதற்கு அவர்களிடம் மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான். இது சட்டப்படி செல்லும் வாதமா என்பது வேறு கேள்வி. ஆனால் "அடுத்தவர் நிலத்தில் ஏன் கட்டினாய்" என்று கேட்பவருக்கு, கட்டியபோது நிலைமை எப்படி இருந்தது என்று சொல்ல உங்களுக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்: மோனோரயில் வந்த கதை

நீங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் பிரிக்பீல்ட்ஸைப் பற்றியும் ஒரு முழு நூல் உண்டு. ரிச்சர்ட் பேக்ஸ்ட்ராம் எழுதிய 'ஹவுசஸ் இன் மோஷன்', 2008-இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. 2001-இல் கேஎல் சென்ட்ரல், 2003-இல் மோனோரயில் என்று அடுத்தடுத்து வந்த நாள்களில், தங்கள் வீடும் கடையும் நாளை இருக்குமா என்று தெரியாமல் வாழ்ந்தவர்களோடு அவர் நேரம் செலவிட்டார். 'லிட்டில் இந்தியா' என்று 2010-இல் அதிகாரபூர்வமாக வளைவு வைத்துத் திறப்பதற்கு முந்தைய பிரிக்பீல்ட்ஸ் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பதிவு கிடைப்பது கஷ்டம்.

கிள்ளான்: மலேரியாவிலிருந்து இனிப்புநீர் வரை

உலக மருத்துவ வரலாற்றில் கிள்ளானுக்கு ஓர் இடம் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? 1901-இல் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் அங்கே பணிக்கு வந்தார். அதே ஆண்டு இன்றைய கிள்ளான் துறைமுகமான போர்ட் ஸ்வெட்டன்ஹாம் திறக்கப்பட, மலேரியாவும் சேர்ந்தே பரவியது. கிள்ளான் நகரிலும் துறைமுகத்திலும் அந்த ஆண்டு 582 பேர் இறந்ததாக வாட்சன் பதிவு செய்கிறார். சதுப்பு நிலத்தை வெட்டி, வடிகால் போட்டு, கொசு முட்டையிடும் இடங்களை ஒழித்தார்கள். 1902-இல் இறப்பு 144-ஆகக் குறைந்தது.

அவர் 1911-இல் வெளியிட்ட நூலின் கணிசமான பகுதி ரப்பர் தோட்டங்களைப் பற்றியது. காடழித்து ரப்பர் நட்ட மலைச்சரிவுகளில் வேறு வகைக் கொசு பெருகியதையும், தோட்டத்துக்குத் தோட்டம் தொழிலாளர் இறப்பு விகிதம் எப்படி இருந்தது என்பதையும் அட்டவணை போட்டுக் காட்டுகிறார். அந்த எண்களில் பெயர் இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நம் பாட்டன் பூட்டன் தலைமுறை.

இன்று நம்மை வாட்டுவது வேறு நோய். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது, கிட்டத்தட்ட மூவரில் ஒருவர். "நம்ம ஆளுங்க சோறும் இனிப்பும் அதிகம் சாப்பிடுறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மரபணு, வேலையின் தன்மை, வருமானம், வீட்டுக்கு அருகில் கிளினிக் இருக்கிறதா என்பதெல்லாம் இதில் சேரும். சீ ஹெங் லெங், சைமன் பாரக்ளஃப் இருவரும் தொகுத்த 'ஹெல்த் கேர் இன் மலேசியா' (2007), நாட்டில் சிகிச்சை யாருக்கு எப்படிக் கிடைக்கிறது, அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று விளக்குகிறது. தனியார் மருத்துவமனை பில் பார்த்துத் தலைசுற்றிய எவருக்கும் அது அந்நியமான விஷயமல்ல.

வருமானம் வேறு, சொத்து வேறு

2019-இல் மலேசியக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 5,873 ரிங்கிட். இந்தியக் குடும்பங்களுக்கு 5,981 ரிங்கிட். இந்த எண்ணைக் காட்டி "அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்பவர்கள் உண்டு.

பதில் இரண்டு பகுதி. முதலாவது, நம்மில் அதிகமானோர் வாழும் மாநிலம் சிலாங்கூர். அதே ஆண்டு சிலாங்கூரின் இடைநிலை வருமானம் 8,210 ரிங்கிட், கோலாலம்பூரில் 10,549. நாட்டுச் சராசரியோடு ஒட்டி நிற்கும் சம்பளத்தை வைத்துக்கொண்டு, நாட்டிலேயே விலைவாசி அதிகமுள்ள பகுதியில் பலர் குடும்பம் நடத்துகிறார்கள்.

இரண்டாவது, சம்பளம் மட்டுமே பொருளாதாரம் ஆகாது. முகமது அப்துல் காலிட் 2014-இல் எழுதிய 'தி கலர் ஆஃப் இன்ஈக்குவாலிட்டி', வருமானத்தோடு சொத்தையும் பார்க்கச் சொல்கிறது: வீடு, நிலம், சேமிப்பு. இதைச் செல்வகுமாரன் ராமச்சந்திரன் 1994-இல் தோட்டத் தொழிலாளர் பற்றி எழுதிய நூலோடு சேர்த்து வையுங்கள். லயத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பம் வெளியே வரும்போது கையில் வீடு இல்லை. ஒரு பிள்ளை படித்து நல்ல வேலைக்குப் போனால் சம்பளம் ஒரே தலைமுறையில் ஏறிவிடும். ஆனால் வீட்டுக்கு முன்பணம் கொடுக்க அப்பா அம்மாவிடம் எதுவும் இருக்காது. உங்கள் நண்பர்களில் சிலருக்கு முதல் வீடு சுலபமாகவும் சிலருக்கு எட்டாக்கனியாகவும் இருப்பது ஏன் என்று யோசித்தால், இந்த வேறுபாடு புரியும்.

உயர்கல்வி: கதவு எங்கே மூடுகிறது?

ஒவ்வோர் ஆண்டும் மெட்ரிகுலேஷன் முடிவுகள் வந்ததும் ஒரே பேச்சு. 2024 ஜூன் இறுதியில், எஸ்பிஎம் தேர்வில் 10ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் 10ஏ எடுக்கும் இடம்வரை வந்து சேராதவர்கள்?

பேராசிரியர் தி. மாரிமுத்து தோட்டப் பள்ளிகளை ஆராய்ந்து வைத்த வாதம் கடுமையானது: அந்தப் பள்ளிகள் தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே ஆக்கும் அமைப்பின் ஒரு பகுதி. அவருடைய கட்டுரை 1993-இல் ஐசியாஸ் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இருக்கிறது. ஆர். சந்திரம் 1999-இல் எழுதிய 'எஜுகேஷன் ஆஃப் மைனாரிட்டிஸ்' தமிழ்ப்பள்ளி மாணவர்களின் நிலையை விரிவாக ஆராய்கிறது. பல்கலைக்கழக வாசலில் நடக்கும் சண்டையை மட்டும் பார்க்கும் நாம், ஆறாம் ஆண்டிலிருந்து படிவம் ஒன்றுக்குப் போகும் இடத்தையும், புகுமுக வகுப்பையும், பாதியில் பள்ளியை விட்டுப் போவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

அப்படியானால் ஏன் கைக்கு வருவதில்லை?

முதல் காரணம் விலை. ஆய்வு நூல்கள் பெரும்பாலும் குறைந்த பிரதிகளில், நூலகங்கள் வாங்கும் என்ற கணக்கில் அச்சாகின்றன. வெளிநாட்டுப் பதிப்பு என்றால் ஒரு நூலுக்கே நூறு ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

இரண்டாவது மொழி. மேலே சொன்னவை எல்லாமே ஆங்கிலம். தமிழில் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜானகிராமன் மாணிக்கம் மலேசிய இந்தியர்களின் இக்கட்டான நிலையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். ஆனால் பல்கலைக்கழகங்களின் மதிப்பீட்டில் ஸ்கோபஸ் போன்ற பட்டியல்களில் வரும் ஆங்கிலக் கட்டுரைகளுக்குத்தான் எடை. நம்மைப் பற்றி ஆராயும் ஒருவர் அதை நம் அம்மாவுக்குப் புரியும் மொழியில் எழுதினால், அவருடைய பதவி உயர்வுக்கு அது பெரிதாக உதவாது. 1966-இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடே கோலாலம்பூரில்தான் நடந்தது என்பதை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது.

இலங்கைத் தமிழர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் அது. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி யாரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பு. அப்படி ஒன்றை நாமும் ஏன் செய்யக்கூடாது?

இப்போதைக்கு எங்கே படிக்கலாம்?

• ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம்: மலேசியாவில் அச்சாகும் நூல்களைப் பதிப்பாளர்கள் இங்கே ஒப்படைக்க வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஷா ஆலாமில் ராஜா துன் ஊடா நூலகமும் உண்டு.

• ஆய்வேடுகள்: நூலாக வருமுன் பல ஆய்வுகள் முனைவர் பட்ட ஆய்வேடாக இருந்தவை. பெல்லின் தைப்பூச ஆய்வேடு ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்துக்கு 2004-இல் அளிக்கப்பட்டது. பல்கலைக்கழகங்களின் இணையக் களஞ்சியங்களில் தேடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று உண்டு.

• பழைய நூல்கள்: வாட்சனின் மலேரியா நூல் போன்றவை பதிப்புரிமைக் காலம் கடந்தவை. இணைய ஆவணக் காப்பகங்களில் இலவசம்.

• அரசு அறிக்கைகள்: சுகாதார ஆய்வும் வருமான ஆய்வும் இணையத்தில் கிடைக்கும். பணம் கட்ட வேண்டாம்.

• வாங்குவதாக இருந்தால்: பெட்டாலிங் ஜெயாவின் எஸ்ஐஆர்டி போன்ற உள்ளூர்ப் பதிப்பகங்களின் விலை கைக்கு அடக்கம். வேலைக்குப் போகிறவர்கள் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைமுறை வரிவிலக்கில் நூல்களும் சேரும்.

இந்த நூல்களில் சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில பழையவை. சில வெளியிலிருந்து வந்து பார்த்தவர்கள் எழுதியவை. உள்ளேயிருந்து பார்க்கும் உங்களுக்கு அவற்றில் தப்பு தெரியலாம். ஆனால் அதைச் சொல்ல முதலில் படித்திருக்க வேண்டுமே! நீங்கள் இரண்டு மொழி, பலர் மூன்று மொழி தெரிந்தவர்கள். ஒரு நூலின் ஓர் அத்தியாயத்தைப் படித்து, அதில் உள்ளதைப் பத்து வரித் தமிழில் உங்கள் குடும்பப் புலனக் குழுவில் போட இன்று உங்களால் முடியும். அடுத்த சர்ச்சை எப்போது வரும் என்று தெரியாது. வரும்போது, கோபத்தோடு ஒரு பதிலும் கையில் இருக்கட்டும்.