பொய்ப்பூச்சியும் வலையும்



சுவிசேஷங்களில் தூண்டில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. மத்தேயு 17ஆம் அதிகாரத்தின் முடிவில், ஆலய வரிக்காக ஆண்டவர் பேதுருவைக் கடலுக்கு அனுப்புகிறார். முதலில் அகப்படும் மீனின் வாயில் வெள்ளிப்பணம் இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் வலைதான். இந்த வேறுபாட்டை நான் வேதாகமக் கல்லூரியில் கற்கவில்லை. நீலகிரியில் ஊழியம் செய்த நாள்களில், சபை மூப்பர் ஒருவரின் மேசையருகே அமர்ந்திருந்தபோது கற்றேன்.

அவர் ட்ரவுட் மீன் பிடிப்பவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச். சி. வில்சன் என்னும் அதிகாரி அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து, வானவில் ட்ரவுட்டை அம்மலையின் ஓடைகளில் பெருகச் செய்தார். அதே இனத்து மீன், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஆற்றிலே பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்காகப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. அங்கே அதற்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். மூப்பர் அந்த மீனைக் கண்டதேயில்லை. ஆயினும் அதற்கென்று உருவான 'ஸ்டீல்ஹெட் பீ' என்னும் மிதக்கும் பொய்ப்பூச்சியை மிகுந்த பிரியத்தோடு கட்டுவார். கனடாவின் கேம்பல் ரிவர் ஊரில் நீதிபதியாகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்த ரோடரிக் ஹெய்க்-பிரவுன் (1908-1976) ஆக்கிய வடிவம் அது.

சிறிய இடுக்கியில் தூண்டில் முள்ளைப் பொருத்துவார். அணில் வால் மயிரில் ஒரு கற்றை வாலாகும். அடர்பழுப்பு, மஞ்சள், மீண்டும் அடர்பழுப்பு என்று நூலைச் சுற்றினால் தேனீயின் உடல். மறுபடியும் அணில் மயிர், சற்றே முன்னோக்கிச் சாய்ந்து, இறக்கையாகும். இறுதியில் சேவலின் கழுத்திறகு ஒன்றை முள்ளைச் சுற்றி வளைப்பார். பெட்டையின் இறகு கூடாது. அது மென்மையானது, நீரை உறிஞ்சி மூழ்கிவிடும். சேவலிறகு விறைப்பானது, அதன் நுனிகள் நீர்ப்பரப்பின்மேல் கால் ஊன்றி நிற்கும். இது புதிய வித்தையுமன்று. பவுல் நடந்து திரிந்த அதே மக்கெதோனியாவில், சிவப்புக் கம்பளியையும் சேவலிறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்தார்கள் என்று ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் எழுதிவைத்திருக்கிறார்.

ஆற்றுக்குத் திரும்பிய ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் இரை தேடுவதில்லை. ஆயினும் மேலே மிதந்துவரும் பூச்சியைக் கண்டு எழும்பிக் கவ்வுகிறது. குஞ்சாயிருந்தபோது அதே நீரில் பூச்சி தின்ற பழக்கமே காரணம் என்பார்கள். அந்த நினைவின்மேல்தான் முள் கட்டப்படுகிறது. நம் கண்மாய்க் கரையில் மண்புழு கோத்துப் போடும் சிறுவனின் தூண்டிலில் புழுவாவது மெய். இங்கே உணவும் பொய். இதையே உயர்ந்த மீன்பிடி என்று உலகம் போற்றுகிறது! மூப்பரை நான் குறை கூறவில்லை. மீனுக்கும் மனிதனுக்கும் நடுவே அது ஒரு விளையாட்டு. அவர் பிடித்தவற்றில் பாதியை ஓடையிலேயே விட்டுவிடுவார்.

மனிதருக்கும் மனிதருக்கும் நடுவே அது ஆகாது என்பதே என் கருத்து. அடுத்த மாதம் பக்கத்துக் கிராமத்தில் நாம் நடத்தவிருக்கும் கண் பரிசோதனை முகாமில், செய்தி முடிந்த பின்னரே டோக்கன் கொடுக்கலாம் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அதே காரியத்தை நான் மலையில் செய்திருக்கிறேன். ஒரு கிறிஸ்துமஸ் காலத்தில், கூட்டம் முடிந்ததும் கம்பளி தரப்படும் என்று அறிவித்தோம். 2 மணி நேரம் குளிரில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியின் முறை வந்தபோது கம்பளி தீர்ந்துவிட்டது. "அப்ப எதுக்குய்யா என்னை உக்கார வெச்சீங்க?" என்று கேட்டார். அன்று நான் பிரசங்கித்த வசனம் எனக்கு நினைவில்லை; அந்தக் கேள்வி நினைவிருக்கிறது.

மனிதரைப் பிடிக்கும் பணி நமக்குக் கொடுக்கப்பட்டதுதானே என்று நீங்கள் கேட்கலாம். லூக்கா 5ஆம் அதிகாரத்தில் பேதுருவுக்கு ஆண்டவர் சொல்லும் கிரேக்கச் சொல்லை நோக்குங்கள். உயிரோடு பிடித்தல் என்பது அதன் பொருள். அவ்வேளையில் பேதுருவின் கையில் இருந்தது வலை. வலையும் மீனின் விருப்பத்தைக் கேட்பதில்லை, உண்மைதான். உவமையை அளவுக்குமேல் இழுக்க நான் விரும்பவில்லை. எனினும் வலையில் இரை இல்லை. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டி அது எவரையும் அழைப்பதில்லை. கண் மங்கிய ஒருவருக்குக் கண்ணாடி கொடுப்பது அன்பு. கூட்டத்தில் அமர்ந்ததற்குக் கூலியாக அதைக் கொடுத்தால், நம் அன்பை இனி அவர் எதைக்கொண்டு நம்புவார்?

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் கமிட்டி மீண்டும் கூடுகிறது. டோக்கன் காலை 8 மணிக்கே, வந்த வரிசைப்படி, எந்தச் சமயத்தார் என்று கேளாமல் கொடுக்கப்பட வேண்டும். முகாம் நடக்கும்போது ஒலிபெருக்கி வேண்டாம். இவ்விரண்டையும் கேட்கப்போகிறேன். நம் விசுவாசத்தைக் குறித்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு அன்று மாலை 6 மணிக்கு வேப்பமரத்தடியில் தனியே கூட்டம் இருக்கும். 5 பேர் வந்தாலும் நடத்துவேன்.