டப்பாப்பாலும் தாயத்தும்

மரக்காணம் உப்பளத்திற்கு விடியுமுன் கூலிக்குப் போக வேண்டிய தாய்மார்கள், கைக்குழந்தையை டப்பாப்பாலுக்குப் பழக்கப் பார்க்கிறார்கள். குழந்தை துப்புகிறது. உடனே கண்ணேறு என்பதாகச் சொல்லித் தாயத்து கட்டப்படுகிறது! தாய்ப்பால் ருசி கண்ட நாக்கு ரப்பரைத் தள்ளுவதற்குப் பேயா வந்து சொல்ல வேண்டும்? ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி மூடி, குளிர்ந்த இடத்தில் வைத்தால் நான்கு மணி நேரத்திற்குள் பாட்டி பாலாடையால் புகட்டலாம். பிறகு குழைந்த சோறும் பருப்பும் சேரட்டும். தாய்ப்பாலை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

நிற்க, 1992-ல் டப்பாப்பால் விளம்பரத்தைத் தடுத்துச் சட்டம் செய்தார்கள். 2017-ல் பிரசவ விடுமுறையை 26 வாரமாக்கினார்கள். உத்தியோகஸ்தப் பெண்கள் அனுபவிக்கும் அவ்விடுமுறை, பாத்தியில் உப்பு வாரும் நாட்கூலிப் பெண்ணுக்கு எங்கே என்று கேட்கிறோம். கோவில் திருவிழாவுக்குப் பந்தல் போடப் பணம் கொடுக்கும் முதலாளிமார்கள், அளத்து ஓரத்தில் நான்கு தொட்டில் கட்ட ஒரு கொட்டகை போடுவார்களா?